நாதஸ்வரத்துக்கு எதிரே ஒரு நாற்காலி

வீட்டுக்குக் கல்யாணப் பத்திரிகை வந்தால் நான் முதலில் தேடுவது முகூர்த்த நேரத்தை அல்ல, மண்டபத்தின் பெயரையும் அல்ல. "நாதஸ்வரம்" என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று பார்ப்பேன். என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் நம் மதுரைப் பக்கத்துப் பத்திரிகைகளில் அந்த வரி இருக்கும். நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார். மாலையில் பாட்டுக் கச்சேரி உண்டென்றால் பாடுகிறவர் பெயரும் பக்கவாத்தியக்காரர்கள் பெயரும். அந்தப் பெயர்களைப் பார்த்துவிட்டு, அழைப்பே இல்லாமல் கல்யாண வீட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்று கேட்டவர்கள் உண்டு. என் அப்பா அந்த ரகம். பந்தியில் உட்காராமல், பாட்டை மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடுவார்.

இப்போது பத்திரிகைகள் ஒரு புத்தகம் அளவுக்குக் கனமாக வருகின்றன. தாய்மாமன் தொடங்கிப் போன மாதம் பிறந்த குழந்தை வரைக்கும் பெயர் இருக்கிறது. மேளக்காரர் பெயர் மட்டும் இல்லை. யாரை ஏற்பாடு செய்திருக்கிறீர்கள் என்று கேட்டால், கல்யாண வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. "அது மண்டபத்துல பேக்கேஜ்லயே வருதுங்க" என்கிறார்கள். வாழைமரம், பூ, வீடியோ, ஐஸ்கிரீம், அந்த வரிசையில் மேளம்.

நாதஸ்வரம் அழிகிறது என்று எல்லா மேடையிலும் பேசுகிறார்கள். காப்பாற்ற வேண்டும், சொல்லிக்கொடுக்க வேண்டும், விருது கொடுக்க வேண்டும் என்கிறார்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இல்லை. நம் பசுமலையிலேயே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது. மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரமும் தவிலும் மூன்று வருஷப் படிப்பு. கும்பகோணம் பக்கத்து நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடையும் நாதஸ்வரத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. வாத்தியம் இருக்கிறது, வாசிக்கிறவரும் இருக்கிறார். எதிரே உட்கார்ந்து கேட்கும் ஆள்தான் இல்லை. அந்த ஆள் நாம்தான் என்பது என் கட்சி. இதை அடுத்தவரைக் குறை சொல்லும் தகுதியில் எழுதவில்லை. நான் செய்த ஒரு காரியத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

நான் மிருதங்கம் வாசிப்பவன். பெரிய வித்வான் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்து வயதில் ஆரம்பித்து, உத்தியோகத்தில் இருந்த காலமெல்லாம் சாயங்காலங்களில் கோவில் கச்சேரி, பஜனை, பரதநாட்டிய அரங்கேற்றம் என்று கூப்பிட்ட இடத்துக்குப் போய் வாசித்தவன். எங்கள் ஜாதிக்கு, அதாவது மிருதங்கக்காரர்கள் ஜாதிக்கு, ஒரு பொதுவான மனக்குறை உண்டு. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் ஆரம்பிக்கும்போதுதான் சபையில் பாதிப்பேருக்குக் காபி ஞாபகம் வரும். நாம் கண்ணை மூடிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்போம். கண்ணைத் திறந்தால் முன்வரிசையில் துண்டு போட்ட நாற்காலிகள் மட்டும் இருக்கும். நாற்பது வருஷம் இதைச் சொல்லிச் சொல்லி என் வீட்டுக்காரியின் காதைப் புண்ணாக்கியிருக்கிறேன்.

2003 ஆவணியில் என் மகள் கல்யாணம். முதல் நாள் சாயங்காலம். மாப்பிள்ளை அழைப்பு முடிந்து, மண்டபத்து மூலையில் மேளம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மூலை என்றால், கை கழுவும் இடத்துக்குப் போகும் வழி. அந்த இடத்தை ஒதுக்கியதும் நான்தான். நாதஸ்வரக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கரஹரப்பிரியா ஆலாபனை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு படியாக நின்று நின்று, மேல் ஷட்ஜத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தார். நான் தாம்பூலப் பையை எண்ணிக்கொண்டிருந்தேன். ஆனாலும் காது அங்கேதான் இருந்தது. நல்ல வாசிப்பு என்று தெரிந்துதான் இருந்தது.

அப்போது மெல்லிசைக்குழுப் பையன் வந்து, "சார், மைக் டெஸ்ட் பண்ணணும், மேளத்தை நிப்பாட்டச் சொன்னா நல்லாருக்கும்" என்றான். சம்பந்தி வீட்டார் வந்து உட்கார ஆரம்பித்திருந்தார்கள். என் மச்சினனைக் கூப்பிட்டு, "போதும்னு சொல்லிரு மாப்ள" என்றேன். அவன் போய்க் கையைக் காட்டினான். நாதஸ்வரம் அந்த இடத்திலேயே நின்றது. மேல் ஷட்ஜத்தைத் தொடவில்லை. அவர் கோபப்படவில்லை, முகம்கூட மாறவில்லை. சீவாளியைக் கழற்றி, துண்டில் துடைத்து, வைக்கிற இடத்தில் வைத்தார். இது அவருக்குப் பழக்கம் என்று அந்தக் கை சொன்னது. ஒரு நிமிஷத்தில் "ஹலோ, செக், ஒன், டூ, த்ரீ" என்று மண்டபம் அலறியது.

இதை அன்றைக்கு நான் பெரிதாக நினைக்கவில்லை. உறைத்தது பதின்மூன்று வருஷம் கழித்து, அமெரிக்காவில்.

மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். 2016-ல் அங்கே போயிருந்தபோது, "அப்பாவுக்குத் தாளம்னா உசிரு" என்று காரில் ஐந்தரை மணி நேரம் ஓட்டி நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக்குக் கூட்டிப்போனான். ஜாஸ் இசை பிறந்த ஊர். அங்கே செயின்ட் பீட்டர் தெருவில் பிரிசர்வேஷன் ஹால் என்று ஓர் இடம். ஹால் என்றதும் நம் லட்சுமி சுந்தரம் ஹால் மாதிரி எதிர்பார்த்துப் போனேன். காரை பெயர்ந்த சுவர், சில மர பெஞ்சுகள், முன்னால் தரையில் மெத்தைத் துண்டுகள். அவ்வளவுதான். தெருவில் வரிசையில் நின்று, இருபது டாலர் அளவில் டிக்கெட் வாங்கி, எனக்குத் தரையில்தான் இடம் கிடைத்தது. வாசிக்கிறவரின் பூட்ஸ் என் முழங்காலிலிருந்து இரண்டு முழத்தில் இருந்தது.

உள்ளே சாப்பாடோ பானமோ விற்பதில்லை. வாசிக்கும்போது போட்டோ எடுக்கக் கூடாது. மைக் கிடையாது. டிரம்பெட், டிராம்போன், கிளாரினெட், பியானோ, டிரம்ஸ் எல்லாம் நேராகக் காதுக்கு வரும். முக்கால் மணி நேரம் வாசித்தார்கள். மெட்டு ஒன்று இருக்கும்; ஆளுக்கு ஒரு முறை அதை எடுத்து விரிப்பார்கள்; மற்றவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள்; திரும்ப எல்லாரும் மெட்டில் வந்து சேருவார்கள். கல்பனா ஸ்வரம் மாறி மாறிப் பாடிப் பல்லவிக்கு வந்து விழுகிற கதைதான். அவர்கள் பாஷை தெரியாவிட்டாலும் எனக்கு இடம் தெரிந்தது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். டிரம்ஸ் வாசித்த கறுப்பினப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டார். ஒரு திருப்பத்தை முடித்துவிட்டு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார், "எப்படி?" என்கிற மாதிரி. சங்கீதம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பார்வை புரியும்.

அந்த இடத்தின் கதையை மகன் சொன்னான். ஐம்பதுகளில் ராக் இசை வந்து ஊரையே அடித்துக்கொண்டு போய்விட்டது. பழைய ஜாஸ் கலைஞர்கள், பெரும்பாலும் வயதான கறுப்பினத்தவர்கள், வாசிக்க இடமில்லாமல் இருந்தார்கள். வெள்ளையரும் கறுப்பரும் ஒன்றாக உட்காரவே சட்டம் இடம் கொடுக்காத காலம். அந்த ஊருக்கு வந்து தங்கிவிட்ட ஜாஃபி என்ற இளம் தம்பதி, ஆலன் என்பவரும் அவர் மனைவி சாண்ட்ராவும், 1961-ல் இந்த ஹாலை நடத்த ஆரம்பித்தார்கள். அவர்கள் செய்தது பெரிய காரியமாகத் தோன்றாது. வாசிக்க ஓர் இடம், கைக்குக் கூலி, எதிரே பேசாமல் கேட்கும் ஐம்பது அறுபது பேர். வாத்தியங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்றவில்லை, காது கொடுத்துக் காப்பாற்றினார்கள். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, மதுரையிலிருந்து போன நான் வரிசையில் நின்று அதைக் கேட்டேன்.

அங்கே ஒரு பலகையைப் பற்றியும் சொல்வார்கள். விரும்பிய பாட்டைக் கேட்க விலை எழுதிய பலகை. பழைய பாட்டுக்கு ஒரு விலை, மற்றதற்குக் கொஞ்சம் கூட, எல்லாரும் கேட்கும் "செயிண்ட்ஸ்" பாட்டுக்கு எல்லாவற்றையும்விட அதிக விலை. தினம் அதையே வாசித்து அலுத்துப் போனார்களாம். எனக்குச் சிரிப்பு வந்தது. 1968-ல் தில்லானா மோகனாம்பாள் வந்த பிறகு, மேளக்காரர் எந்த ராகம் எடுத்தாலும் ஒரு மாமா எழுந்து போய் "நலந்தானா வாசிங்க" என்பார். அந்தப் படத்தில் சிவாஜிக்கும் ஏ.வி.எம். ராஜனுக்கும் பின்னால் உண்மையில் வாசித்தவர்கள் நம் மதுரைச் சகோதரர்கள் எம்.பி.என். சேதுராமனும் பொன்னுசாமியும். அவர்கள் எத்தனை ராகங்களை எப்படி விரித்தவர்கள் என்று கேட்டவர் குறைவு. அந்த ஒரு பாட்டைக் கேட்டவர்தான் அதிகம். நாமும் பலகை மாட்டியிருக்கலாம்.

அன்று இரவு ஓட்டல் அறையில் தூக்கம் வரவில்லை. முன்பின் தெரியாத ஊரில், டாலர் கொடுத்து, தரையில் உட்கார்ந்து, மூச்சுவிடாமல் கேட்டேன். என் வீட்டுக் கல்யாணத்தில், என் பணத்தில், என் காதுக்குப் பழகிய கரஹரப்பிரியாவைக் கை காட்டி நிறுத்தினேன். காபிக்குப் போகிறவர்களைப் பற்றி நாற்பது வருஷம் புலம்பியவன் செய்த வேலை இது.

ஊருக்குத் திரும்பியதும் ஒரு முடிவுக்கு வந்தேன். எங்கே நாதஸ்வரம் கேட்டாலும் பத்து நிமிஷமாவது எதிரே நிற்பது அல்லது உட்காருவது. பென்ஷன்காரனுக்கு வேறென்ன வேலை?

முதலில் போனது மீனாட்சியம்மன் கோவில் பள்ளியறை பூஜைக்கு. ராத்திரி நடை சாத்தும் முன்பு, சுவாமி சந்நிதியிலிருந்து சொக்கநாதரின் திருவடிகள் சிறு பல்லக்கில் அம்மன் பள்ளியறைக்கு எழுந்தருளும். மேளம் கூடவே போகும். நகரத்துக்காரர்கள் நாம் எத்தனை பேர் அதைக் கடைசியாக எப்போது பார்த்தோம் என்று எண்ணிக்கொள்ளலாம். வெளியூர்க்காரர்கள்தான் அதிகம் வருகிறார்கள். கல்தூண்களுக்கு நடுவே அந்த நாதம் போய்த் திரும்பி வருவதை எந்த ஒலிபெருக்கியாலும் செய்ய முடியாது. 2018-ல் வீர வசந்தராயர் மண்டபத் தீ விபத்துக்குப் பிறகு கோவிலுக்குள் செல்போன் கூடாது என்று ஆகிவிட்டது. அதில் எனக்கு ஒரு லாபம். யாரும் கையைத் தூக்கிப் படம் எடுப்பதில்லை. கை சும்மா இருக்கிறது, அதனால் காது வேலை செய்கிறது. காசில்லாமல், தினம் ராத்திரி, நம் ஊரில் நடக்கிற கச்சேரி இது.

பிறகு தெப்பத்திருவிழா, திருப்பரங்குன்றம், அழகர்கோவில், சுற்றுவட்டாரத்துக் கிராமத்து அம்மன் திருவிழாக்கள் என்று போக ஆரம்பித்தேன். நாதஸ்வரத்தைத் தெருவில்தான் கேட்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். அது திறந்த வெளிக்கென்றே பிறந்த வாத்தியம். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி எழுந்தால், நாலு தெரு தள்ளி அடுப்படியில் இருக்கிறவளுக்கும் சுவாமி கிளம்பிவிட்டது என்று தெரியும். தவிலின் அடி காதில் மட்டும் விழாது, நெஞ்சிலும் விழும். நியூ ஆர்லியன்ஸிலும் இப்படித்தான். ஊர்வலத்தில் பேண்டு வாத்தியக்காரர்கள் முன்னால் போக, ஊர்ஜனங்கள் பின்னால் ஆடிக்கொண்டே நடப்பார்கள். பின்னால் வருகிறவர்களுக்கு இரண்டாம் வரிசை என்று பெயரே வைத்திருக்கிறார்கள். கேட்கிறவனும் அந்த இசையில் ஒரு வரிசை என்று ஆகிவிடுகிறது பாருங்கள்.

போன இடமெல்லாம் சந்தோஷமில்லை. ஒரு சின்னக் கோவிலில் சாயரட்சை தீபாராதனை. தட்தட் என்று முரசும் மணியும். எட்டிப் பார்த்தால் மோட்டார் வைத்த மின்மேளம். பூசாரி ஒரு கையால் சுவிட்சைப் போட்டுவிட்டு மறு கையால் தீபம் காட்டுகிறார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. தனி ஆளாக இருக்கிறார். ஆனால் பிரதோஷத்துக்கும் திருவிழாவுக்கும்கூட அந்தச் சுவிட்சுதான் என்கிறபோது வருத்தமாக இருக்கிறது. அந்தச் சத்தத்துக்குக் கை கூப்ப முடியும், தலையாட்ட முடியாது.

இனி, போன வைகாசியில் சோழவந்தான் பக்கத்தில் நடந்த ஒரு கல்யாணத்தைச் சொல்ல வேண்டும். நான் சொல்ல வந்ததற்கு அதுதான் சாட்சி.

மண்டபத்தில் வழக்கம்போல மேளம் ஒரு ஓரத்தில். நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அவர்களுக்கு எதிரே ஐந்தடியில் போட்டு உட்கார்ந்தேன். முதலில் நாதஸ்வரக்காரர் ஒரு சினிமாப் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தார். கண் எங்கேயோ இருந்தது. நான் தாளம் போட ஆரம்பித்தேன். தவில்காரர்தான் முதலில் கவனித்தார். சின்னப் பையன், இருபத்தைந்து வயதிருக்கும். ஒரு சின்ன மோராவை வைத்துவிட்டு, நான் எடுப்பில் கை தட்டுகிறேனா என்று ஓரக்கண்ணால் பார்த்தான். தட்டினேன். பக்கத்தில் இருந்தவரை முழங்கையால் இடித்தான். சினிமாப் பாட்டு அப்படியே தேய்ந்து முடிந்தது. நாதஸ்வரக்காரர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். சீவாளியை மாற்றினார். ஷண்முகப்பிரியா எடுத்தார்.

அதற்கப்புறம் இருபது நிமிஷம். பெரிய ஞானஸ்தர் என்று நான் சொல்லவில்லை. மேல் ஸ்தாயியில் ஓரிரு இடத்தில் சுருதி லேசாக நழுவியது. ஆனால் அந்த மனிதர் யோசித்து வாசித்தார். ஒரு பிடி பிடித்து, அது எனக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து, அப்புறம் அடுத்ததற்குப் போனார். பையன் கீர்த்தனையின் நடுவில் திஸ்ர நடைக்குப் போய்ச் சரியாக வந்து விழுந்தான். நான் என்னை அறியாமல் "சபாஷ்" என்றேன். திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் இரண்டு பெரியவர்கள் நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு அம்மாள் பேத்தியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை தவில்காரரின் விரல்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தது.

முடிந்ததும் பையன் கேட்டான்: "ஐயாவுக்கு என்ன வாத்தியங்கய்யா?"

"மிருதங்கம்னு வச்சுக்கங்களேன்."

நாதஸ்வரக்காரர் சிரித்தார். "ஷண்முகப்பிரியா வாசிச்சு ரொம்ப நாளாச்சுங்கய்யா. கல்யாணத்துல யாரு கேக்குறா? சாதகம் பண்றதோட சரி."

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். அந்த ஷண்முகப்பிரியா அவரிடம் இருந்தது. கல்யாண வீட்டார் கொடுத்த பணம் அதை வெளியே கொண்டுவரவில்லை. ஐந்தடி தள்ளி ஒரு கிழவன் உட்கார்ந்து தொடையில் தட்டியது கொண்டுவந்தது. கேட்கிறவன் இருந்தால் வாசிப்பு மாறுகிறது. இல்லாவிட்டால் வாசிப்பு சினிமாப் பாட்டோடும் கெட்டிமேளத்தோடும் நின்றுவிடுகிறது. அப்புறம் நாமே, "முன்னே மாதிரி இப்ப யாருங்க வாசிக்கிறா" என்று அங்கலாய்க்கிறோம்.

இதற்கு மறுப்பு வரும் என்று தெரியும். நண்பர் ஒருவர் சொன்னார்: "கல்யாண மண்டபம் எந்தக் காலத்திலய்யா அமைதியா இருந்தது? அந்தக் காலத்திலும் சத்தம்தானே?" உண்மை. சத்தத்தை மீறி ஒலிக்கத்தான் அந்த வாத்தியமே. ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவே, மேளத்துக்கு முன்னால் ஜமுக்காளத்தில் பத்துப் பேர் இருப்பார்கள். ஐந்நூறு பேரும் கேட்க வேண்டியதில்லை. அந்தப் பத்துப் பேர் போதும். அவர்கள்தான் இன்று இல்லை.

இன்னொருவர், "இளைஞர்களுக்குப் பிடித்ததைத்தானே வைக்க முடியும்? டிஜே கேட்கிறார்கள், செண்டை மேளம் கேட்கிறார்கள்" என்றார். வைக்கட்டும். செண்டையும் பாடுபட்டுக் கற்ற கலைதான். நான் கேட்பது, ஒன்று ஒலிக்கும்போது மற்றதை அடக்குங்கள் என்பதை மட்டும். வாசலில் செண்டை, உள்ளே நாதஸ்வரம், மேடையில் ஸ்பீக்கர் என்று மூன்றும் சேர்ந்து ஒலித்தால் மூன்றையும் யாரும் கேட்கவில்லை என்று அர்த்தம்.

மூன்றாமவர், "அதான் யூடியூபில் ராஜரத்தினம் பிள்ளையே இருக்கிறாரே" என்றார். இருக்கிறார், நானும் கேட்கிறேன். 1956-ல் மறைந்தவரின் தோடி இன்றும் உடம்பைச் சிலிர்க்க வைக்கிறது. ஆனால் செல்போனில் வருகிற ராஜரத்தினம் பிள்ளை நான் தலையாட்டுவதைப் பார்க்க மாட்டார். உயிரோடு நம் முன் வாசிக்கிறவர் பார்ப்பார். தவிரவும், மேளக்காரர்கள் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு நின்றபடி வாசித்த காலத்தில் கிராப்பு வைத்து, ஷெர்வானி போட்டு, மேடையில் உட்கார்ந்து வாசித்த மனிதர் அவர். அவர் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிற நாம், அவர் வழி வந்தவர்களைக் கை கழுவும் இடத்துக்குப் போகும் வழியில் உட்கார வைக்கிறோம். நானும் வைத்தேன்.

பாட்டுக் கச்சேரி ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜி.என்.பி.யின் ஆலாபனையில் ராஜரத்தினம் பிள்ளையின் நாதஸ்வரம் ஒலிக்கும் என்பார்கள். செம்மங்குடி, திருவிடைமருதூர் வீருசாமி பிள்ளையைக் கேட்டு வளர்ந்தவர். ராகத்தை விஸ்தாரமாகப் பாடுவதை வாய்ப்பாட்டுக்காரர்களுக்குக் காட்டிக்கொடுத்தது இந்தக் குழல்தான். சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன்காரர் நம் நாதஸ்வரத்தைத் தேடிக் கற்று, தன் இசைத்தட்டுகளில் வாசித்தார். அவருக்குக் கேட்டது நமக்குக் கேட்கவில்லை.

ஆகவே என் கோரிக்கைகள் சில. அரசாங்கத்திடம் அல்ல, உங்களிடம்.

வீட்டில் கல்யாணம் வந்தால் நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள்; பேக்கேஜில் விட்டுவிடாதீர்கள். மேடைப் பூவுக்குப் பேரம் பேசாதவர்கள் இவர்களிடம் ஐந்நூறு ரூபாய்க்குப் பேரம் பேச வேண்டாம். பத்திரிகையில் பெயர் போடுங்கள். ஒரு வரிக்கு அச்சுக்கூலி கூடிவிடாது. மேடைக்குப் பக்கத்தில் நல்ல இடம், குடிக்கத் தண்ணீர், முதல் பந்தியில் சாப்பாடு. முதல் நாள் சாயங்காலம் முக்கால் மணி நேரம் வேறு எந்தச் சத்தமும் இல்லாமல் அவர்களுக்கென்று ஒதுக்குங்கள். எதிரே பத்து நாற்காலி போடுங்கள். ஆலாபனை நடுவில் யாராவது மைக் டெஸ்ட் என்று வந்தால், "இருப்பா, ராகம் முடியட்டும்" என்று சொல்ல ஒருவர் இருக்க வேண்டும். அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

கோவில் கமிட்டியில் இருக்கிறவர்கள் மாதத்தில் இரண்டு நாளாவது, பிரதோஷத்துக்காவது, அந்தச் சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். பக்கத்து இசைப் பள்ளியில் படித்து முடித்த பிள்ளைகள் இருப்பார்கள்.

வயதானவர்களே, நமக்கு நேரம் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போய் மூன்று மணி நேரம் உட்கார்ந்து முழங்கால் வலியைப் பற்றித்தான் பேசுகிறோம். அதையே மேளத்துக்கு எதிரே உட்கார்ந்து பேசாமல் செய்யலாம். ராகம் தெரிய வேண்டுமென்று அவசியமில்லை. முகம் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தால் போதும்.

என் மகள் கல்யாணத்தில் வாசித்தவரை அப்புறம் விசாரித்துப் பார்த்தேன். அவரை ஏற்பாடு செய்துகொடுத்தவர் இப்போது இல்லை. பெயரை நான் அன்றே கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. என் வீட்டுப் பத்திரிகையிலும் அந்த வரி இல்லை. பீரோவிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டேன். எங்காவது வாசித்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன்.

ஆவணியில் எனக்கு நாலு கல்யாணம் இருக்கிறது. மதுரையில் மூன்று, மேலூரில் ஒன்று. மேளத்துக்கு எதிரே, தலை நரைத்த ஒருவர் தொடையில் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் வந்து உட்காருங்கள். பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வைத்திருப்பேன்.